மாமா கடைக் கணினி வீடு மாறிய கதை

காலை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், கிள்ளான் மாமாவிடமிருந்து ஐந்து தவறிய அழைப்புகள். மாமா அப்படி அழைக்கிறவர் அல்ல. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் அத்தையைப் பேசச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். பதறிப்போய்த் திருப்பி அழைத்தேன்.

"தம்பி, கடை கம்ப்யூட்டர் தானாவே நின்னு போகுதுடா. ஒரு மணி நேரம் ஓடுது, அப்புறம் பட்டுனு இருட்டாயிடுது. ஆவணிக்கு இருபத்திரண்டு கல்யாணம் கையில இருக்கு."

மாமாவுக்குக் கல்யாண அட்டைத் தொழில். தெங்கு கிளானா சாலைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் சின்னக் கடை. ஆடியில் நல்ல காரியம் இல்லை என்று மண்டபக்காரரும் மேளக்காரரும் ஓய்வில் இருப்பார்கள். அட்டைக் கடைக்கோ ஆடிதான் அறுவடை. ஆவணி முகூர்த்தத்துக்கான அட்டை அத்தனையும் ஆடியில் அச்சாகி வெளியே போய்விட வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கணினி படுத்துவிட்டது.

ஊடகத்துறையில் பட்டம் வாங்கினேன், வானொலியில் பேசிப் பிழைக்கிறேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்தப் பட்டத்துக்கு வேறு பொருள். அத்தை வீட்டு அஸ்ட்ரோ ரிமோட்டில் தொடங்கி சித்தப்பாவின் வைஃபை வரை எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போனேன்.

கணினி 2010இல் வாங்கியது. பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பதினைந்து ஆண்டு பஞ்சையும் தூசியையும் துடைத்துவிட்டுப் பார்த்தால், மதர்போர்டில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன உருளைகளில் நான்கு, தலை உப்பிப் போயிருந்தன. அவை மின்தேக்கிகள். அவை உப்பினால் மின்சாரம் சீராகப் போகாது; இன்றைக்கு ஒரு மணி நேரம் ஓடும், அடுத்த வாரம் பத்து நிமிடம், அப்புறம் ஒரேயடியாகப் போய்விடும். வன்தட்டை மட்டும் கழற்றி என் கணினியில் மாட்டிச் சோதித்தேன். அது நலமாகவே இருந்தது. உடம்பு போய்விட்டது, நினைவு தெளிவாக இருக்கிறது என்கிற நிலை.

இந்த இடத்தில் எந்தக் கடைக்காரரும் சொல்வதையே நானும் சொன்னேன்: "புதுக் கணினி வாங்கிடலாம் மாமா. உங்க கோப்பையெல்லாம் அதுல போட்டுத் தர்றேன்."

மாமா பதில் சொல்லவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய அட்டையை எடுத்துக் காட்டினார். 2006ஆம் ஆண்டுக் கல்யாணம். "இந்தப் பொண்ணோட தங்கச்சிக்கு இப்ப கல்யாணம். தாத்தா பாட்டி பேர் எந்த வரிசையில வரணும்னு அவங்களுக்கே மறந்து போச்சு. நம்மகிட்டதான் இருக்கு."

வன்தட்டுக்குள் 2003லிருந்து கல்யாண அட்டை, காதணி விழா, கருமக்கிரியை எல்லாம் இருக்கின்றன. தோட்டக் கோயில் திருவிழா நோட்டீசுகள் தனி அடுக்காக இருக்கின்றன. அவற்றில் சில தோட்டங்களே இன்றைக்கு இல்லை. செம்பனை போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. கோயில் எங்கோ ஓர் ஓரத்துக்கு இடம் மாறியிருக்கிறது. அதன் உபயக்காரர் பட்டியல் மட்டும் மாமாவின் கணினியில் பழைய லயத்து முகவரிகளோடு உட்கார்ந்திருக்கிறது.

கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் இவை வந்துவிடும். ஆனால் படிக்க முடியாது. இன்று நாம் கைப்பேசியில் தட்டும் தமிழ் யூனிகோடு முறையில் ஆனது; எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழாகவே தெரியும். அதற்கு முந்தைய காலத்தில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை உட்கார வைப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'திருவளர்ச்செல்வி' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாகக் குப்பை கொட்டிக் கிடக்கும். மாமாவின் அட்டைகள் முழுக்க அப்படிப்பட்ட ஓர் எழுத்துருவில், அதோடு சேர்ந்து வந்த ஒரு வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. மென்பொருளின் குறுவட்டு தொலைந்து எத்தனையோ ஆண்டாகிவிட்டது. விற்றவர் கடையை மூடிவிட்டார். அதை மறுபடி நிறுவ வழியே இல்லை.

ஆகவே உள்ளே இருப்பதை அள்ளிக்கொண்டு வந்தால் போதாது. விண்டோஸ் 7, மென்பொருள், எழுத்துரு, அட்டைகள் என்று மொத்தக் குடித்தனத்தையும் அப்படியே தூக்கி வேறு கணினிக்குள் வைக்க வேண்டும். வன்தட்டின் அச்சு அசல் நகலை 'குளோன்' என்கிறார்கள். குளோன் எடுப்பது சுலபம் என்று எனக்குத் தெரியும். அதை வேறு கணினியில் எழுப்புவது வேறு சங்கதி என்று தெரியாது. தெரிந்ததை வைத்துக்கொண்டு மாமாவிடம் "ரெண்டு மணி நேர வேலை" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நேரலையில் பேசிப் பழகிய வாய்.

லோ யாட் பிளாசாவில், ஓர் அலுவலகத்தில் ஓடி ஓய்ந்த 2014ஆம் ஆண்டுக் கணினி ஒன்று கிடைத்தது. வேண்டுமென்றே பழையதாகப் பார்த்து வாங்கினேன். இன்றைய புத்தம்புதுக் கணினிகளுக்கு விண்டோஸ் 7 என்றால் ஆகவே ஆகாது. அதற்கான இயக்கிகளையே தயாரிப்பாளர்கள் எழுதுவதில்லை. கூடவே நகல் எடுக்க ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கினேன். முதல் தவறு அங்கேயே நடந்தது. மாமாவின் வன்தட்டு 500 ஜி.பி. நான் மலிவாக இருக்கிறதே என்று எடுத்தது 480 ஜி.பி. பாதிக்கு மேல் காலியாகத்தானே இருக்கிறது, அடங்காதா என்று நினைத்தேன். அடங்காது. குளோன் என்பது வட்டின் பிரிவுகளை அதே அளவில் அதே இடத்தில் வைக்கிற வேலை. சேருமிடம் மூலத்துக்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். திரும்பப் போய் ஒரு டெராபைட் வட்டாக மாற்றிக்கொண்டு வந்தேன்.

நகலுக்கு நான் பயன்படுத்தியது குளோன்ஸில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான இலவச மென்பொருள். பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கணினியைக் கிளப்ப வேண்டும். திரை பார்க்க அழகாக இருக்காது. எது மூலம், எது சேருமிடம் என்று இரண்டு தடவை கேட்கும். அந்த இரண்டு தடவையும் நிதானமாகப் படியுங்கள். மாற்றிச் சொல்லிவிட்டால் காலி வட்டை எடுத்து நிறைந்த வட்டின் மேல் எழுதிவிடும், இருபது ஆண்டு அட்டை போய்விடும். நான் என் சொந்த வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இந்த இரண்டை மட்டும் மாட்டி, பெயரையும் அளவையும் தாளில் எழ்திப் பார்த்துத்தான் 'சரி' அழுத்தினேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

எஸ்.எஸ்.டி.யை 'புது'க் கணினியில் மாட்டி, பொத்தானை அழுத்தினேன். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் ஒரு வரி: கிளம்புவதற்கு ஏற்ற வட்டு எதுவும் இல்லை.

இது எனக்குப் புரிந்தது. பழைய கணினிகள் பயோஸ் என்ற முறையில் கிளம்பும், வட்டின் அட்டவணை எம்.பி.ஆர். வகையில் இருக்கும். புதியவை யூ.இ.எஃப்.ஐ. முறையில் கிளம்பும், ஜி.பி.டி. அட்டவணையைத் தேடும். ஒருவர் தமிழில் கேட்க மற்றவர் சீனத்தில் பதில் சொல்வது மாதிரி. வட்டு கெட்டுவிட்டது என்று பயந்து திரும்ப நகல் எடுக்கத் தேவையில்லை. கணினியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் 'செக்யூர் பூட்' என்பதை அணைத்து 'லெகசி' முறையைத் திறந்துவிட்டேன். விண்டோஸ் சின்னம் மலர்ந்தது. மாமா முகமும்தான்.

நான்கு விநாடி. நீலத் திரை. 7பி என்று முடிகிற ஒரு பிழை எண். மறுபடி கிளப்பினேன், மறுபடி அதே நீலம். மாமா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் டீ வாங்கி வந்தார். நான் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது அவர் செய்கிற காரியம் எப்போதும் அதுதான்.

அன்று இரவு உட்கார்ந்து படித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. நம் வீட்டில் நடு இரவில் எழுந்தால் விளக்கைப் போடாமலே கை சுவிட்சைக் கண்டுபிடித்துவிடும். உறவினர் வீட்டில் தூங்கி எழுந்தால் அதே கை சுவரைத் தடவும். குளோன் எழுவது அப்படித்தான். அது பழைய வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுகிறது. மாமாவின் பழைய கணினி வன்தட்டோடு பேசிய முறை ஐ.டி.இ. புதியது பேசுகிற முறை ஏ.எச்.சி.ஐ. இரண்டாவது மொழிக்கான இயக்கியும் விண்டோஸ் 7இல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நிறுவிய காலத்தில் தேவைப்படவில்லை என்பதால் அதைத் தூங்கவைத்துவிட்டிருக்கிறது. இப்போது அதை எழுப்ப வட்டைப் படிக்க வேண்டும்; வட்டைப் படிக்க அது எழுந்திருக்க வேண்டும். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதை. ஒலி அட்டையோ அச்சு இயந்திரமோ புரியவில்லை என்றால் விண்டோஸ் எழுந்து வந்து "இது என்ன?" என்று கேட்கும். தன் வட்டே புரியவில்லை என்றால் கேட்பதற்குக்கூட அது எழ முடியாது. அதனால்தான் நீலத் திரை.

வைத்தியம் ஐந்து நிமிடம்தான். அதைச் செய்ய வேண்டிய இடம் பழைய கணினி. எஸ்.எஸ்.டி.யைத் திரும்பக் கொண்டுபோய் உப்பிய மின்தேக்கிக் கணினியிலேயே மாட்டினேன். அசல் வன்தட்டு என் பையில் பத்திரமாக இருந்தது. குளோன் அங்கே கண்ணை மூடிக்கொண்டு எழுந்தது, அது பிறந்த வீடல்லவா! ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, சர்வீசஸ் பகுதியில் 'எம்.எஸ்.ஏ.எச்.சி.ஐ.' என்ற பெயருக்குப் போனால் 'ஸ்டார்ட்' என்று ஒரு மதிப்பு இருக்கிறது. 3 என்று இருந்தது. அதை 0 ஆக்கினேன். கிளம்பும்போதே எழுந்திரு என்று பொருள். கணினியை அணைத்து, வட்டைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன்.

இம்முறை நீலம் வரவில்லை. ஓரத்தில் 'புதிய வன்பொருள் கண்டறியப்பட்டது' என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. இரண்டு தடவை தானே மறுதொடக்கம் கேட்டது, விட்டுவிட்டேன். பழைய கணினி முழுதாகச் செத்துப் போயிருந்தால் இதே காரியத்துக்கு இரண்டு நாள் ஆகியிருக்கும். அதைத்தான் மாமாவிடம் பிறகு சொன்னேன்: ஒரு மணி நேரம் ஓடி நின்று போன அந்தக் கணினி, அந்த ஒரு மணி நேரத்தை எங்களுக்காக மிச்சம் வைத்திருந்தது.

மீதியெல்லாம் சில்லறைத் தொல்லை. விசைப்பலகையும் மௌசும் அசையவில்லை. காரணம், நான் செருகியது நீல நிற யூ.எஸ்.பி. 3 வாயிலில், விண்டோஸ் 7க்கு அது பிறவியில் தெரியாது. பின்பக்கத்துக் கறுப்பு வாயிலில் செருகியதும் உயிர் வந்தது. இணையத்துக்கான இயக்கியும் இல்லை, அதை இறக்கவோ இணையம் வேண்டும். என் மடிக்கணினியில் இறக்கி பென்டிரைவில் கொண்டு வந்தேன். இதை முன்கூட்டியே செய்து வைத்திருந்தால் ஓர் இரவு தூக்கம் மிஞ்சியிருக்கும்.

உரிமம் தனிக் கதை. வன்பொருள் மாறிவிட்டது, 3 நாளில் மறுபடி உறுதி செய் என்றது விண்டோஸ். கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது, அதோடு போய்விடும். தனியாகக் கடையில் வாங்கிய உரிமத்தைத்தான் இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகலாம். நல்லவேளை, நான் வாங்கிய பழைய அலுவலகக் கணினியின் பக்கவாட்டில் அதே விண்டோஸ் 7 புரொஃபஷனல் ஒட்டுச்சீட்டு இருந்தது. அதன் எண்ணைப் போட்டேன், ஏற்றுக்கொண்டது. ஒரு தடவை இணையத்தில் இணைத்து உறுதி செய்துவிட்டுக் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14இல் நின்றுவிட்டது. அந்தக் கணினி அட்டை வடிவமைக்க மட்டும்தான். மின்னஞ்சலும் வங்கியும் அத்தையின் மடிக்கணினியில்.

உங்களில் பலர் இப்போது வேறொரு காரணத்துக்காகக் கணினி மாற்றிக்கொண்டிருப்பீர்கள். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் ஆதரவு முடிந்தது. மாமா மாதிரி மறுபடி நிறுவ முடியாத மென்பொருள் ஏதும் இல்லாவிட்டால் குளோன் ஆசையை விட்டுவிடுங்கள். படங்களையும் கோப்புகளையும் வெளி வட்டில் நகலெடுங்கள், புதுக் கணினியில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவுங்கள். ஒரு ஞாயிறு போகும், அவ்வளவுதான். பதினைந்து ஆண்டுக் குப்பையையும் சேர்த்துப் புது வீட்டுக்குத் தூக்கிப் போவானேன்?

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், விண்டோஸ் 10, 11 இரண்டும் 7ஐவிடச் சாதுவானவை. புது வீட்டில் தாமே சுவிட்சைத் தேடிக்கொள்ளும். அப்போதும் நீலத் திரை வரலாம், குறிப்பாகப் புது மடிக்கணினியின் அமைப்பில் வட்டு 'ரெய்டு' அல்லது 'வி.எம்.டி.' முறையில் இருந்தால். அதற்கு எளிய வழி, வட்டை மாற்றுவதற்கு முன்பே 'எம்.எஸ். கான்ஃபிக்' திறந்து பாதுகாப்பு முறையில் கிளம்பும்படி வைத்துவிடுவது. அந்த முறையில் கிளம்பும்போது விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும் வட்டு இயக்கிகளையும் எழுப்பிப் பார்க்கும். ஒரு தடவை எழுந்துவிட்டால் அந்தக் குறியை எடுத்துவிட்டு வழக்கம்போல் கிளப்பலாம்.

நான் உண்மையில் பயப்படுவது பிட்லாக்கருக்கு. பல மடிக்கணினிகளில் அது உங்களுக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். வட்டைப் பூட்டியிருக்கும், சாவி பழைய மதர்போர்டில் இருக்கும் ஒரு சில்லுக்குள் இருக்கும். வட்டை வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லை என்றால் உங்கள் குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் உங்கள் கையிலேயே இருக்கும், உங்களால் பார்க்க முடியாது. நகல் எடுப்பதற்கு முன் பிட்லாக்கரை அணையுங்கள். குறைந்தது அந்த எண்ணையாவது தாளில் எழுதுங்கள், அதே கணினியில் சேமிக்காதீர்கள். (சிரிக்காதீர்கள், செய்தவர் இருக்கிறார். எங்கள் நிலையத்தில்தான். பெயர் சொல்ல மாட்டேன்.)

இன்னொன்று. நகல் முடிந்ததும் அசலையும் நகலையும் ஒரே கணினியில் மாட்டிக் கிளப்பாதீர்கள். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஒதுக்கிவிடும். குளோன் தனியாக எழுந்து பழகட்டும்.

சரி, மாமா கடைக்கு வருவோம். எல்லாம் முடிந்தது, மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து அட்டை மென்பொருளை இருமுறை சொடுக்கினேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி: 'சாவி காணப்படவில்லை.'

எனக்கு வியர்த்துவிட்டது. மென்பொருள் மதர்போர்டைப் பார்த்துப் பூட்டிக்கொள்கிற வகையாக இருந்தால் செய்த அத்தனையும் வீண். ரெஜிஸ்ட்ரியைக் குடைந்தேன், கோப்புறைகளைக் குடைந்தேன். அரை மணி நேரம். மாமா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னடா தேடுற?"

"சாவி இல்லைங்குது மாமா."

மாமா மூலைக்குப் போனார். பழைய கணினியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தினார். அதன் முதுகில் கையை விட்டு, கட்டைவிரல் அளவில் பச்சை நிறத்தில் ஒரு துண்டைப் பிடுங்கினார். பதினைந்து ஆண்டுத் தூசியை வேட்டி நுனியில் துடைத்தார்.

"இதையா? வாங்கும்போதே அந்த ஆள் சொன்னான், இத எடுத்தா ஓடாதுன்னு. நீ கேட்கவே இல்லையே."

டாங்கிள்! மென்பொருளின் பூட்டுச்சாவி. செருகினேன், திறந்தது. 2006ஆம் ஆண்டு அட்டையைத் தேடித் திறந்தார் மாமா. தாத்தா பாட்டி பெயர்கள் வரிசை குலையாமல் முத்து முத்தான தமிழில் வந்து நின்றன. தங்கையின் பெயரை மாற்றித் தட்டத் தொடங்கிவிட்டார். நான் நிற்பதே அவருக்கு மறந்துவிட்டது.

பழைய வன்தட்டை என்ன செய்வது என்று கேட்டார். ஓர் ஆண்டுக்கு அழிக்க வேண்டாம், அப்படியே வையுங்கள் என்றேன். போன வாரம் போனபோது பார்த்தேன். மஞ்சள் பூசிய கல்யாண அட்டை உறை ஒன்றில் போட்டு, சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். உறையின் மேல், பெறுநர் முகவரி எழுதும் இடத்தில், மாமாவின் குண்டு எழுத்தில் ஒரே சொல்: 'தொடாதே.'